திரேசம்மாள் மன்னிக்கவில்லை

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாமக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தேன். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. குமாரபாளையம் ஆலைத் தொழிலாளி செங்கோடன். சேலத்தில் மகளைப் பார்க்கப் போயிருந்தவர், அங்கிருந்து நேராகப் பஸ் ஏறி வந்திருந்தார்.

"ஏனுங்க, அம்மா போயிட்டாங்கங்க. காலைப் பூசைக்குக் கெளம்பினவங்க, ஊட்டு வாசப்படியிலயே உக்காந்துட்டாங்களாம். அவ்வளவுதானுங்க."

பார்த்துக்கொண்டிருந்த ஸ்லைடை முழுக்கப் பார்த்து, முடிவை எழுதிவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்டிருந்தால் திரேசம்மாள் சவப்பெட்டிக்குள்ளிருந்தே என்னைத் திட்டியிருப்பார்.

அவரை அறிந்த உங்களில் பலர் அன்று மாலை சேலத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தீர்கள். அங்கே ஒரு டாக்டர் பேசியதையும் கேட்டீர்கள். அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கு அது தேவையில்லை. ஆள் உயர மாலையோடு வந்தார். "திரேசா என் கையால் உருவான பெண். எனக்கும் அவருக்கும் ஒரு நாளும் மனத்தாங்கல் வந்ததில்லை" என்றார். அப்போது என் கையில் ஒரு பிடி மண் இருந்தது. அதைக் குழிக்குள் போடுவதா, அவர் முகத்தில் வீசுவதா என்று ஒரு கணம் தயங்கினேன். குழிக்குள்தான் போட்டேன். வீசாமல் விட்டதற்கு ஈடாக இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில், சேலத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்துக்குத் திரேசம்மாள் பொறுப்பாளராக இருந்தார். நான் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தேன். எங்களுக்குக் கீழே மூன்று டெக்னீஷியன்கள், பாட்டில் கழுவ ஒரு பெண். திரேசம்மாள் என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பம், திருமணம் செய்துகொள்ளவில்லை. நான் ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பாட்டில் கழுவும் பெண் உட்பட எல்லோரையும் 'நீங்க, வாங்க' என்றுதான் அழைப்பார். அந்த மரியாதையோடு அவர் கோபப்படும்போது எதிரே நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்றவர்களுக்குத் தெரியும்.

ஒருநாள் இரண்டு பேருடைய மலேரியா ரிப்போர்ட் இடம் மாறிவிட்டது. கவனித்தபோது, மோகனூர்க்காரர் ஒருவர் தவறான சீட்டோடு புறப்பட்டுப் போயிருந்தார். யார் மாற்றியது என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தோம். "யாருன்னு அப்புறம் பாத்துக்கலாமுங்க. மொதல்ல அந்தச் சீட்டுத் திரும்பி வரட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரேசம்மாள் வெயிலில் இறங்கி ஓடினார். கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, உள்ளே ஏறி, அத்தனை பேர் முன்னிலையில் "தப்பு எங்களுதுங்க, மன்னிச்சுக்குங்க" என்று கேட்டுச் சீட்டை வாங்கி வந்தார். வந்ததும் ஒரு நோட்டை எடுத்து அந்தத் தவற்றைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். தவறு செய்தவர்கள் தம் கையால் தாமே எழுதும் நோட்டு அது. எழுதியவர் யாரும் தண்டனை பெற்றதில்லை. மறைத்தவர்கள் பெற்றார்கள்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். சளியில் காசநோய்க் கிருமி இருப்பதாக எழுதுவதானால், ஸ்லைடை இரண்டு பேர் பார்க்க வேண்டும். "ஒரு கூட்டல் குறிதானேன்னு நெனைக்காதீங்க. அது ஒரு குடும்பத்துமேல விழுது" என்பார். கூட்டல் குறி என்றால் கிருமி இருக்கிறது என்று பொருள்.

அக்காள் பிரசவத்துக்காக அவர் பத்து நாள் ஆத்தூருக்குப் போயிருந்தபோது, கூடம் என் பொறுப்பில் இருந்தது. குமாரபாளையம் பக்கத்து ஆலை ஒன்று தன் தொழிலாளர் எல்லோரையும் சளிப் பரிசோதனைக்கு அனுப்பியது. கல்லறையில் பேசிய டாக்டர்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தலைவர். அந்த ஆலைக்கும் அவரே மருத்துவ ஆலோசகர். என்னை அறைக்குக் கூப்பிட்டு எட்டுப் பெயர் எழுதிய தாளை நீட்டினார்.

"இந்த எட்டுப் பேருக்கும் பாசிட்டிவ் போட்டுடு."

"பார்த்துட்டேன் சார். எட்டும் நெகட்டிவ்."

"சந்தேகம்னா பாசிட்டிவ் போடறதுதான் நல்லது. மத்தவங்களுக்குப் பரவாது. இங்க டாக்டர் யாரு, நீயா நானா?"

பிறகு, என் வேலையை நிரந்தரம் செய்யும் காகிதம் தம் மேஜைமேல்தான் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த எட்டுப் பேரும் ஆலையில் சங்கம் அமைக்கக் கையெழுத்துப் போட்டவர்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் மறுத்திருப்பேனா? மறுத்திருப்பேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. எட்டுக் கூட்டல் குறியும் போட்டேன்.

ஆத்தூரிலிருந்து திரும்பிய அன்றே திரேசம்மாள் அந்த எட்டு ஸ்லைடுகளையும் எடுத்து வைத்துக்கொண்டார். காலை முழுதும் பார்த்தார். மதியம் என்னை அழைத்தார். அறையில் வேறு யாரும் இல்லை.

"அர்த்தநாரி, கண்ணு கெட்டுப் போச்சுங்களா, இல்ல மனசுங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். தவறு எழுதும் நோட்டில் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"அது தப்பு எழுதற நோட்டுங்க. நீங்க செஞ்சது துரோகம். அதுக்கு என்கிட்ட நோட்டு இல்ல."

பஸ் ஏற்றி என்னைக் குமாரபாளையத்துக்கு அழைத்துப் போனார். நான் செய்ததை என் கண்ணாலேயே பார்க்க வைப்பதற்காக. எட்டுப் பேருக்கும் ஆலை வாசல் மூடப்பட்டிருந்தது. டீக்கடையில் அவர்களுக்குக் கிளாஸில் டீ கொடுப்பதில்லை, கொட்டாங்குச்சியில் ஊற்றினார்கள். எட்டுப் பேரில் ஒருவரான செங்கோடனின் மாமனார் வந்து மகளையும் கைக்குழந்தையையும் கூட்டிப் போயிருந்தார். வெறும் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செங்கோடன் எங்களைப் பார்த்ததும் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, "தள்ளி நில்லுங்க சாமி, ஒட்டிக்கும்" என்றார். திரேசம்மாள் போய் அந்தத் துண்டைத் தன் கையால் எடுத்துக் கீழே போட்டார். "உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. பொய் எழுதினவங்க இவங்க" என்று என்னைக் காட்டினார். செங்கோடன் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

மறுநாள் திரேசம்மாள் டாக்டரிடம் போய் ரிப்போர்ட்டுகளைத் திரும்பப் பெறச் சொன்னார். "லேபரட்டரிங்கறது சமையக்கட்டு மாதிரி. சமைக்கறவங்க விருந்தாளி யாருன்னு கேக்கப்படாது" என்றார் டாக்டர். "உப்புக்குப் பதிலா வெஷம் போடச் சொன்னா, சமையக்காரி கேப்பாங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அன்று மாலைக்குள் எட்டுப் பேருக்கும் திருத்திய ரிப்போர்ட் தம் கையெழுத்தோடு எழுதினார். ஒரு நகலைத் தொழிலாளர் அதிகாரிக்கு அனுப்பினார்.

விசாரணை சேலத்தில் அந்த அதிகாரியின் அலுவலகத்தில் நடந்தது. மைக்ராஸ்கோப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் குதிரை வண்டியில் உட்கார்ந்திருக்க, ஸ்லைடுப் பெட்டியை அவர் பிடித்துக்கொண்டார். அதிகாரியின் மேஜையில் இருந்த கோப்புகளை ஒதுக்கி, கருவியைப் பொருத்தி, அதன் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"நான் டாக்டர் இல்லீங்களே அம்மா" என்றார் அதிகாரி.

"கண்ணு இருந்தாப் போதுங்க. நீலத்துக்கு நடுவுல செவப்பாக் குச்சி தெரிஞ்சா அது கிருமி."

முதலில் உண்மையான நோயாளி ஒருவரின் ஸ்லைடை வைத்தார். அதிகாரி பார்த்து, "அடேயப்பா, இத்தனையா!" என்று வியந்தார். பிறகு தொழிலாளர்களின் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக வைத்தார். ஏழு ஸ்லைடுகள் வரை அதிகாரி நீலத்தைத் தவிர எதையும் காணவில்லை.

டாக்டருக்குப் பொறுக்கவில்லை. "பழக்கமில்லாத கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. நகருங்கள்" என்று முன்னால் வந்தார். திரேசம்மாள் ஏழாவது ஸ்லைடை எடுத்துவிட்டு லென்ஸைத் துடைத்து முடித்திருந்தார். டாக்டர் குனிந்து ஒரு கண்ணை மூடினார். ஏதோ ஒரு திருகைத் திருகினார்.

"இதோ இருக்கிறதே! ஓரத்தில் இரண்டு. தெளிவாக இருக்கிறது."

அறையில் எல்லோரும் திரேசம்மாளின் கையைப் பார்த்தார்கள். எட்டாவது ஸ்லைடு அவர் விரல்களுக்கு நடுவில் இருந்தது.

"இன்னும் நான் வைக்கலீங்க சார்" என்றார்.

வாசலில் நின்றிருந்த தொழிலாளர்களில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரின் காது சிவந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் வாழ்க்கையில் கண்ட நல்ல காட்சிகளில் அது ஒன்று. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ரிப்போர்ட் எழுதியது யார் என்று அதிகாரி கேட்டார். எழுந்து நின்று, "நான் எழுதினேன். எழுதச் சொன்னவர் இவர்" என்றேன். திரேசம்மாள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பும்போது வண்டியில், வேண்டுமென்றேதான் தாமதித்தீர்களா என்று கேட்டேன். "நான் வைக்கறதுக்குள்ள அவர் குனிஞ்சுட்டாருங்க" என்றார். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, அஸ்தம்பட்டி வரும் வரை தோள் குலுங்கச் சிரித்தார்.

எட்டுப் பேரையும் திரும்ப எடுத்துக்கொள்ள உத்தரவாயிற்று. வேலைக்குப் போனவர்கள் ஏழு பேர். மாரப்பன் என்பவர் விசாரணைக்கு முன்பே ஊரைவிட்டுப் போய்விட்டார். தன் மூச்சு பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனாராம். அவர் எங்கே என்று இதுவரை யாருக்கும் தெரியாது. செங்கோடனின் மனைவி குழந்தையோடு திரும்பி வர மூன்று மாதம் ஆயிற்று.

டாக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் அவருக்கு வேண்டியவர்கள். நிர்வாக வசதிக்காக என்று சொல்லித் திரேசம்மாளைப் பொறுப்பிலிருந்து இறக்கி, ஸ்டோர் ரூமில் பாட்டில் எண்ணும் வேலைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் எண்ணினார். எட்டாம் நாள் விலகல் கடிதம் கொடுத்தார். நானும் கொடுத்தேன். நாமக்கல்லில் இரண்டு மேஜை, ஒரு பழைய மைக்ராஸ்கோப்போடு இந்த நிலையத்தைத் தொடங்கினோம். எங்களிடம் யாரையும் அனுப்ப வேண்டாம் என்று டாக்டர் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்தார். முதல் ஆறு மாதம் எங்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் குமாரபாளையத்து ஆலைத் தொழிலாளர்கள்தான். இரண்டு பஸ் மாறி வந்தார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லாதவர்கள்கூட வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நான் செய்த துரோகத்தைப் பற்றி அதன் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அடுத்த பத்து வருடமும், நான் போடும் ஒவ்வொரு கூட்டல் குறியையும் அவர் கண்ணால் பார்க்காமல் வெளியே விட்டதில்லை. உடம்பு தளர்ந்து சேலத்தில் தங்கை வீட்டுக்குப் போன பிறகும், வாரம் ஒருநாள் பஸ்ஸில் வந்து பார்ப்பார். அது எனக்கு உறுத்தவில்லை என்று சொன்னால் பொய்.

சென்ற வருடம், டாக்டருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். மேடையில் திரேசம்மாளும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று யாருக்கோ தோன்றி, பங்குச் சாமியாரை அவரிடம் அனுப்பினார்கள். அன்று நான் அவருடைய தங்கை வீட்டில் இருந்தேன். மன்னிப்பைப் பற்றிச் சாமியார் நெடுநேரம் பேசினார். முழுக்கக் கேட்டுவிட்டுத் திரேசம்மாள் சொன்னார்:

"கேக்காதவங்களுக்கு எப்படிங்க சாமி குடுக்கறது? அவரு வந்து கேக்கட்டும். மொதல்ல என்கிட்ட வரவேண்டாம். மாரப்பன் பொண்டாட்டிகிட்டப் போய்க் கேக்கட்டும். அவங்க குடுத்தாங்கன்னா, அப்புறம் என்கிட்ட வரச் சொல்லுங்க."

கல்லறைத் தோட்டத்தில் பேசியவர்கள் அவருடைய பொறுமையைச் சொன்னார்கள், பக்தியைச் சொன்னார்கள். அவற்றை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய கோபத்தை. அதை ஒரு நாளும் தணிய விடுவதாக இல்லை. எனக்கு எதிராகவும்தான்.

மாரப்பனின் மனைவி பாவாயி குமாரபாளையத்தில், பவானிப் பாலத்துக்குப் போகும் வழியில் குடியிருக்கிறார். தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைக்கிறார். திரேசம்மாள் போன செய்தியைச் சொல்லப் போனவாரம் நான் போயிருந்தேன். கழுத்தில் தாலி இருந்தது. அதை வைத்துக்கொள்வதா, கழற்றுவதா என்று பதினைந்து வருடமாக யாரும் அவருக்குச் சொல்லவில்லை. டாக்டர் வந்தாரா என்று கேட்டேன்.

"எந்த டாக்டருங்க?" என்றார்.