கண்ணில் படாத நாற்பத்தொரு வீடுகள்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். யோருன் நாற்பத்தொரு மரவீடுகளை ஒரே மலைச்சரிவில் மறைத்தாள். கூரை போட்டவன் நான், அதனால் இது கதையில்லை என்று எனக்குத் தெரியும்.

அவளொன்றும் பெரிய படிப்பு படித்தவளில்லை. எங்கள் ஊர் மர அறுவை ஆலையில் வரைபடம் வரைகிறவள். காதில் பென்சில், காலில் ரப்பர் பூட்ஸ், வாயில் எந்நேரமும் வசவு. தலைநகர் ஓஸ்லோவிலிருந்து பணக்காரர்கள் வந்து மலைமுகட்டில் வெடி வைத்துப் பாறையைப் பிளந்து, கண்ணாடி மாளிகை கட்டிக்கொண்டு அதற்கு 'குடில்' என்று பெயர் வைப்பதைக் கண்டால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். மலையில் வீடு கட்டத்தான் வேண்டுமென்றால் மலைக்கே தெரியாமல் கட்ட வேண்டும் என்பாள்.

அப்படித்தான் கட்டினாள். மனையில் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து, பனி எங்கே குவிகிறது, தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் காகிதத்தைத் தொடுவாள். பாறையை உடைக்கக் கூடாது, வீடு இரும்புக் கால்களில் நிற்கும். வீடு வருகிற இடத்துப் புல்தரையையே பாளம் பாளமாக வெட்டி வைத்து, நீர் ஒழுகாத பிர்ச் மரப்பட்டையைப் பரப்பி அதன்மேல் கூரையாகப் போட வேண்டும். சுவருக்குப் பைன் மரத்தின் வைரம்பாய்ந்த பகுதி மட்டும். பெயின்ட் படக் கூடாது, மூன்று குளிர்காலத்தில் தானாகப் பாறை நிறத்துக்கு வந்துவிடும். வெயில் பட்டு மின்னாமலிருக்க ஜன்னலைக்கூடக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ப்பாள். கூரையில் முயல் வந்து மேயாவிட்டால் பிரித்துத் திரும்பப் போடு என்று என்னைத் திட்டாத நாளில்லை. திட்டு வாங்கினாலும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

முதல் வீடு ஒரு பல் டாக்டருக்கு. கட்டி முடித்ததும் சரிபார்க்க வந்த அதிகாரி, சரிவுக்கு எதிரே ஏரியின் இந்தப் பக்கம் பைனாகுலரோடு நின்று கால்மணி நேரம் தேடிவிட்டு, சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அந்த வீட்டுக்கு அனுமதி கேட்டுக் கொடுத்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. பனிமான் மந்தைக்குப் பாதிப்பு உண்டா? 'கட்டடம் பார்வைக்குத் தெரியாது. எனவே பாதிப்பு இல்லை' என்று யோருன் எழுதினாள். நான் எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. நுணலும் தன் வாயால் கெடும், இவள் தன் பேனாவால் கெட்டாள். பிறகு மீதிச் சரிவை வாங்கி, யோருனையே வரைய வைத்த மனைக் கம்பெனி அந்த இரண்டு வரியையும் அச்சுப் பிசகாமல் நாற்பது படிவத்தில் எழுதிக் கொடுத்தது. வீடு கண்ணில் படாதபோது எவன் ஆட்சேபிப்பான்?

ஆட்சேபித்தவள் மார்யா ஒருத்திதான். பனிமான் மேய்க்கும் சாமி என்ற பழங்குடியைச் சேர்ந்தவள். யோருனோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவளுடைய அறுநூறு சினைமான்களும் ஏப்ரலில் அந்தச் சரிவைத் தாண்டித்தான் பின்பக்கத்து மேட்டுக்குக் குட்டிபோடப் போகும். வீடு வாங்கியவர்கள் ஆரஞ்சுப் பழமும் நாயும் பனிச்சறுக்குக் கட்டையுமாக மலைக்கு ஏறுகிற ஈஸ்டர் விடுமுறையும் பெரும்பாலும் ஏப்ரலில்தான். வீடுகள் வந்த முதல் வருடம் மந்தை தயங்கிச் சுற்றிப்போனது. இரண்டாம் வருடம் ஏரிக்கரையிலேயே திரும்பிவிட்டது. வழியிலேயே ஈரப்பனியில் குட்டிகள் பிறந்து விழுந்தன. பாதிக் குட்டிகளைக் காக்கை தின்றது.

மார்யா நேரே யோருனின் சமையலறைக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"உன் வீடு மனுஷன் கண்ணுக்குத்தான்டி தெரியல. மானு என்ன பைனாகுலர் வெச்சுக்கிட்டா வருது? அது மோந்து பாத்து வருது."

அனுமதியை எதிர்த்துத் தான் போட்டிருக்கும் மேல்முறையீடு தோற்றால் இனி மந்தை நடந்து போகாது, சினைமான்களை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும், அதில் எத்தனை தாங்கும் என்று தெரியாது என்றாள் மார்யா. விசாரணைக்குத் தானே வந்து, எழுதியது தப்பு என்று சொல்வதாக யோருன் வாக்குக் கொடுத்தாள்.

ஜூனில் முறையீட்டை விசாரிக்க மாவட்ட அலுவலகத்திலிருந்து நான்கு பேர் வந்து ஏரிக்கரையில் நின்றார்கள். அந்தச் சரிவில் நாற்பத்தொரு வீடு இருக்கிறது என்றாள் மார்யா. நான்கு பேரும் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார்கள். எங்கே என்று அவர்களில் ஓர் அம்மாள் மரியாதையாகவே கேட்டாள். மார்யா கொடுத்திருந்த படங்களிலும் புல்லும் பாறையும்தான் இருந்தன.

அப்போது யோருன் முன்னால் வந்தாள். பாதிப்பு இல்லையென்று தான் எழுதியது அறியாமை, அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன் என்றாள். பிறகு விரலை நீட்டி ஒவ்வொரு வீடாகக் காட்ட ஆரம்பித்தாள். எனக்கே நாலைந்து பிடிபடவில்லை. அதிகாரிகளோ அவள் விரலோடு தலையைத் திருப்பித் திருப்பி, கண்டுபிடித்தபோதெல்லாம் ஒருவரையொருவர் தட்டிச் சிரித்தார்கள். இருபது வருடத்தில் இவ்வளவு அடக்கமான கட்டுமானத்தைப் பார்த்ததில்லை என்றார் அவர்களின் தலைவர். முன்பு எழுதிக் கொடுத்தது தொழில்முறைக் கருத்தாம், இப்போது சொல்வது தோழிக்காகச் சொல்வதாம். அந்த அம்மாள் யோருனைத் தனியே கூப்பிட்டு, தெற்கே தனக்கும் ஒரு மனை இருக்கிறது, வரைந்து தர முடியுமா என்று தொலைபேசி எண் கேட்டாள். எனக்கு அவளை ஏரியில் தள்ளிவிடலாம் போலிருந்தது.

கார்கள் போனதும் மார்யா சொன்னாள்:

"பேசாம செவப்புப் பெயின்ட் அடிச்சு, கண்ணை உறுத்துற மாதிரி அசிங்கமா கட்டியிருக்கலாம்டி நீ. எவனாச்சும் அன்னைக்கே தடுத்திருப்பான்."

முறையீடு தள்ளுபடியானது. யோருன் வரைவதை விட்டுவிட்டு ஆலையில் பலகை அடுக்கப் போனாள். கம்பெனிக்கு அவள் தேவையில்லை, பழைய வரைபடமே போதும்.

அடுத்த ஏப்ரலில் மூன்று லாரி வந்தது. பட்டிக்கு வேலி கட்ட நானும் போயிருந்தேன். யோருன் யாரும் கூப்பிடாமலே வந்து பட்டிக் கதவருகே நின்றாள். மான்கள் லாரியில் ஏற்றும் சாய்வுப் பலகையில் கால் வைக்க மறுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஒரு சினைமான் விழுந்து எழவேயில்லை. யோருன் கதவைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

"வேணாம், தள்ளிப் போ" என்றாள் மார்யா. குரலில் கோபம்கூட இல்லை. "உன் வாடைக்கு மிரளுதுங்க."

யோருன் விரலை நனைத்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தாள். தன் வாடை போகாத இடமாகத் தேடி, வெகுதூரம் நடந்துபோய், லாரிகள் கிளம்பும்வரை அங்கேயே நின்றாள்.