கஞ்சி குடித்த சுவர்

எங்கள் வீட்டு வடக்குச் சுவரைப் போல ஒரு தறுதலையை நான் இன்றுவரை பார்த்ததில்லை. கல்வராயன் மலைப் பக்கம் வானம் கறுத்தால் போதும், கள்ளக்குறிச்சியில் அதுவும் கறுக்க ஆரம்பித்துவிடும். பூஞ்சணம் திட்டுத் திட்டாகப் படர்ந்து, கூடத்தில் கால் வைத்ததுமே ஈரக்கோணி நாற்றம் அடிக்கும். இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷம், பத்து வயதில், அந்தச் சுவரோடு நான் பட்ட பாடு சொல்லி மாளாது.

அந்த வருஷம்தான் அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். அத்தை அப்பாவின் தங்கை. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிவிட்டு, டீச்சர் ட்ரெயினிங் விண்ணப்பத்தை ட்ரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு அப்பாவின் கையெழுத்துக்காகக் காத்திருந்தாள். வந்தவர்களுக்கு மணலூர்பேட்டைப் பக்கம் கரும்புத் தோட்டம். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைப் பார்த்தார். பிறகு, தூளியில் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்த என் கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்தார்.

"இந்த இழுப்பு வம்சத்துல வந்துதுன்னா நாங்க இன்னா பண்றதுங்க? மொதல்ல சொவர சரி பண்ணுங்க. பதினஞ்சு நாளு கழிச்சி வரோம். அப்பவும் இப்டியே இருந்தா வேற எடம் பாத்துக்கறோம்."

அத்தையின் கல்யாணம் ஒரு சுவரை நம்பி நின்றது இப்படித்தான்.

அப்பாவுக்கு எதிலும் அவசரம். ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து அடித்தார். அது போதாதென்று கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டையும் அதன்மேலேயே ஊற்றினார். கண் எரிந்து, தொண்டை அடைத்து, குடும்பமே தெருவுக்கு ஓடியது. தம்பியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் அப்பாவை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"ரெண்டையும் கலந்தா விஷப்புகைய்யா. கொழந்த இருக்கற வூட்ல இனிமே இதெல்லாம் ஆவாது."

அத்தை அன்றைக்கே தூளியை அவிழ்த்துக்கொண்டு போய்த் தெற்கு அறையில் கட்டினாள். தம்பியைக் கூடத்துக்குள் தூக்கி வரவே விடவில்லை.

பக்கத்து வீட்டு பாய் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்தார். அவர் மனைவி, ஊறுகாய்க்குப் போடுகிற வினிகர்க் காடியை ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். "சொவர ரெண்டு மூணு நாளு நல்லா கழுவி உடுங்க. அந்த மருந்து வாடையே இருக்கக் கூடாது. அப்புறம் இத்த துணில நனச்சித் தொடச்சி, ஒரு மணி நேரம் கழிச்சித் தேய்ங்க. ஜன்னல மட்டும் மூடாதீங்க. காயாத சொவத்துக்கு எந்த மருந்தும் கேக்காது" என்றார்.

தேய்த்தது யார்? நான்தான். என் வயதுப் பிள்ளைகள் தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருக்க, நான் தேங்காய் நாரும் கையுமாக முக்காலிமேல் நின்றேன். காடி நெடியில் எனக்குச் சோறே இறங்கவில்லை. ஆனால் சுவர் வெளுத்துவிட்டது. அப்பா அதன்மேல் சுண்ணாம்பும் அடித்தார். அம்மா சுவருக்குத் திருஷ்டி கழித்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் வரவேண்டிய நாளில் மறியல் ஆரம்பித்தது. சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள், பஸ் இல்லை. அப்பாவும் மறியலுக்குப் போனார். தொண்டை கட்டித் திரும்பி வந்து, சாப்பிட உட்கார்ந்தும் அதே பேச்சுத்தான்.

"நம்ம புள்ளைங்க படிக்கணும். படிச்சி வேலைக்குப் போவணும். அதுக்குத்தான் வெயில்ல நின்னுக்கினு கத்தறோம்!"

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அத்தை மெல்லக் கேட்டாள். "அண்ணா, அந்தக் கையெழுத்து..."

"அவங்க வந்துட்டுப் போவட்டும். அப்புறம் பாக்கலாம்."

மறியலின் நான்காம் நாள் சுவர் மறுபடி கறுத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபடி தேய்த்தேன், மறுபடி கறுத்தது. அப்பா கொத்தனாரைத் திட்டினார், ஓட்டைத் திட்டினார், மழையைத் திட்டினார், கடைசியில் ஒழுங்காகத் தேய்க்கவில்லை என்று என் முதுகில் ஒன்று வைத்தார்.

இத்தனைக்கும் அத்தை சுவரை எவ்வளவு அக்கறையாகக் கவனித்தாள் தெரியுமா! தினமும் மதியம், அம்மா கண்ணயர்ந்ததும், வடித்த கஞ்சியை எடுத்து வந்து சுண்ணாம்பு அடிக்கிற மட்டையால் சுவரில் பூசுவாள். சொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை.

"கஞ்சி இல்லாட்டி சுண்ணாம்பு உதுந்துடும்டி" என்பாள்.

சுண்ணாம்பில் கஞ்சி சேர்த்து அடிப்பது எங்கள் ஊர் வழக்கம்தான். அப்படி அடித்தால் சுண்ணாம்பு சட்டையில் ஒட்டாது. அதனால் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பூசி முடித்ததும் குளிர்காற்று அடிக்கிறதென்று ஜன்னலையும் சாத்துவாள்.

மரங்களை அகற்றியதும் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சுவரில் விரலை வைத்து இழுத்து, மோந்து பார்த்தார். கேசரியைத் தொடக்கூட இல்லை, எழுந்து போய்விட்டார்கள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாம் நாள், கடைசித் தேதி நெருங்குகிறதென்று அத்தை நீட்டிய விண்ணப்பத்தில் கையெழுத்தைக் கிறுக்கினார்.

"போ, எதையாவது படிச்சித் தொல."

மறுநாள் அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தனியாளாகக் காடி போட்டுச் சுவர் முழுக்கத் தேய்த்தாள். ஜன்னல் இரண்டையும் அகலத் திறந்துவைத்தாள். மிச்சமிருந்த மழைக்காலம் முழுக்க அந்தச் சுவரில் ஒரு புள்ளிகூட வரவில்லை.

பூஞ்சணத்துக்குக் கஞ்சியைவிடப் பெரிய விருந்து கிடையாது என்று எனக்குத் தெரிய, கல்யாணமாகி என் வீட்டுச் சுவரும் கறுக்க வேண்டியிருந்தது. நாசமாய்ப் போக! நாள் தவறாமல் என் கையாலேயே அதற்குக் கஞ்சி ஊட்டி, என் கையாலேயே அதைத் தேய்த்து, அடியும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் அந்த மழைக்காலத்தில், சுவர் வெளுத்தே நிற்பதைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் பொங்கியது. "இத்த முன்னாடியே பண்ணியிருந்தா அந்த மாப்ள போயிருப்பாரா அத்த?" என்று கேட்டேன்.

"போயிருக்க மாட்டாருடி" என்றாள் அத்தை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வழிந்தது.

எனக்குப் பாவமாகிவிட்டது. அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு சொன்னேன்.

"அழாத அத்த. இத்தவிட நல்ல மாப்ள வருவாரு."