இரண்டு மீன்களைத் தாங்காத ஏரி

வலையைக் கரையில் கொட்டியபோது எழுந்த சத்தம்தான் இன்றும் முதலில் நினைவுக்கு வருகிறது. மீன் விழுகிற சத்தம் எனக்குத் தெரியும். காசிமேட்டு மீன் துறைமுகத்தை ஒட்டிய கல்மண்டபத்தில் பிறந்து, வாக்கப்பட்டதும் அதே கல்மண்டபத்தில் என்றால் அது தெரியாமல் இருக்குமா? ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி விழுந்து, சளப்பென்று துள்ளி அடங்கும். அன்று கேட்டது அது இல்லை. ஓட்டு உடைசலை மூட்டையோடு அவிழ்த்துக் கொட்டியதுபோல் கடகடவென்று கேட்டது. வலையில் வெள்ளியாக மின்ன வேண்டிய இடமெல்லாம் கறுப்பாக இருந்தது. தலை தட்டையாக, வாய் அடிப்பக்கத்தில், உடம்பு முழுக்கச் செதிலுக்குப் பதிலாகத் தகடு. நூற்றுக்கணக்கில் கிடந்தன. தண்ணீரை விட்டு வந்த பிறகும் சாகாமல் ஊர்ந்தன. அவற்றுக்கு நடுவே மூன்றே மூன்று விரால், கைப்பிடி ஜிலேபி மீன். என் நாத்தனார் குனிந்து ஒன்றை எடுத்தார். துடுப்பு முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. ரத்தம் சொட்டச் சொட்ட அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். எனக்கு மட்டும் அந்த மீனை அடையாளம் தெரிந்தது. என் வீட்டு ஹாலில் இரண்டு வருடம் வளர்ந்த மீன் அது.

நாத்தனார் என்றால் என் கணவரின் அக்கா. காசிமேட்டு மீனைத் தின்று வளர்ந்த அவரை மீஞ்சூருக்கு அப்பால் ஒரு சின்ன ஏரிக்கரை ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். கடலில் இருந்தவளைக் குட்டையில் தள்ளிவிட்டோம் என்று என் மாமனார் சாகும்வரை சொல்லிச் சிரிப்பார். நாத்தனார் அசரவே மாட்டார். மாதத்துக்கு ஒரு ஞாயிறு பிளாஸ்டிக் குடத்தில் உயிர் விராலோடு ரயிலேறி வருவார். சேற்று மீன் வந்துவிட்டது என்று நாங்கள் மூக்கைப் பொத்துவதுபோல் பாவனை செய்வோம். "உங்க மீனு ஐஸ்ல படுத்து ஒரு வாரம் ஆச்சு. எங்க வெரால் சட்டிக்குப் போற வரைக்கும் மூச்சு வுட்டுகினு கீது பாரு" என்பார். குடத்துக்குள் கைவிட்டு, வழுக்குகிற விராலைத் தலையோடு அழுத்திப் பிடித்து, சாம்பலைப் பூசி ஒரே இழுப்பில் தோலை உரிப்பார். அந்தக் கையில் இரக்கம் என்பதையே நான் பார்த்ததில்லை.

அவருடைய கணவர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். அந்த ஏரியில் பன்னிரண்டு குடும்பங்களுக்கு மீன் பங்கு. இறந்தவரின் பங்குக்கு ஒரு பொம்பளை வந்து வலை இழுப்பதா என்று மற்றவர்கள் முணுமுணுத்தபோது, அவருடைய கொழுந்தனார், அதாவது கணவரின் தம்பி, ஒரு பேச்சும் பேசாமல் வலைக்கயிற்றின் ஒரு முனையை அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு மறு முனையைத் தான் பிடித்துக்கொண்டாராம். அதோடு முணுமுணுப்பு அடங்கியது. பதினோரு வருடம் இருவரும் ஒரே வலையை இழுத்தார்கள். இதை நாத்தனார் எங்களிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். லாரி ஷெட்டில் யாரோ சொன்னார்கள் என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் கண்ணாடித் தொட்டியோடு வந்து இறங்கினார். வடகிழக்கு மூலையில் மீன் தொட்டி வைத்தால் வீட்டில் பேஜாரெல்லாம் தீருமாம். கொளத்தூர் வண்ணமீன் கடையில் பொன்மீன் நான்கும், தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைத் தின்னும் கறுப்பு மீன் இரண்டும் வாங்கினோம். கடைக்காரர் அதற்கு டேங்க் கிளீனர் என்று பெயர் சொன்னார். விரல் நீளம்தான் இருந்தன. பொன்மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. இந்த இரண்டும் மட்டும் வளர்ந்தன, வளர்ந்துகொண்டே போயின. ஒரு முழத்தை நெருங்கி, திரும்பக்கூட இடமில்லாமல் கண்ணாடியில் இடித்துக்கொண்டிருந்தன. தின்னாத மீனை எதற்குப் பார்ப்பது என்று நாத்தனார் வரும்போதெல்லாம் அந்தத் தொட்டியை எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்.

"மொளகா தடவி வறுத்துட வேண்டியதுதான்" என்றார் என் வீட்டுக்காரர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சங்கரா மீனின் வயிற்றைக் கிழிக்கிறவள் நான். நண்டை உயிரோடு கொதிநீரில் போடுகிறவள். ஆனால் தொட்டியில் வளர்ந்ததை எப்படிக் கொல்வது? எங்கள் தெருவில் யாரும் செய்யமாட்டார்கள். வாங்கிய மீனைக் கொல்லலாம், வளர்த்த மீனைக் கொல்லக் கூடாது. நாத்தனாருக்குப் போன் போட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். "வளத்த உசுரும்மே. பாவத்த வூட்டுல வச்சுக்காத. இங்க இட்டுகினு வா."

மூடி போட்ட பெயின்ட் பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி ராயபுரத்தில் ரயில் ஏறினேன். எண்ணூர் தாண்டும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பக்கெட்டையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஏரிக்கரையில் நாத்தனார் ஒரு வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி வைத்திருந்தார். பக்கெட்டை என் கையிலிருந்து வாங்கி, முழங்கால் தண்ணீரில் இறங்கினார். வளர்த்ததை விடும்போது பார்க்கக் கூடாது, பார்த்தால் திரும்பி வந்துவிடும் என்று முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு மூடியைத் திறந்து கவிழ்த்தார். "போ, பொயச்சுக்கோ" என்றார். இவ்வளவு பெரிய மீன் இங்கே இருக்குமா என்று நான் கேட்டதற்கு, "இம்மாம் பெரிய ஏரி, ரெண்டு மீன தாங்காதா?" என்று சிரித்தார். நான் கோயிலுக்குப் போய்வந்தவள் மாதிரி நிறைவோடு வீடு திரும்பினேன். மறுநாள் ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அடுத்த வருடம் ஏரியில் மீன் பெருக வேண்டுமென்று கொழுந்தனார் தன் செலவில் பொன்னேரிப் பக்கத்துப் பண்ணையிலிருந்து கெண்டைக் குஞ்சு வாங்கி வந்து விட்டார். அதற்குப் பிறகுதான் வலையில் ஏதோ கறுப்பாக ஒன்றிரண்டு சிக்குகிறது என்று நாத்தனார் போனில் சொல்ல ஆரம்பித்தார். பிறகு வலை கிழிகிறது என்றார். விரால் கூடு கட்டி முட்டை வைத்தால் மறுநாள் முட்டையே இருப்பதில்லை, கரையெல்லாம் பொந்து பொந்தாகக் குடைந்துவிட்டது என்றார். விரால் கொண்டுவருவதும் நின்றுபோனது. ஒருநாள் குரல் மாறியிருந்தது. "எல்லாம் அவன் வேலதாம்மே. கொறஞ்ச வெலைக்கு எவன்கிட்டயோ கலீஜ் குஞ்ச வாங்கியாந்து ஏரிய நாசம் பண்ணிக்கீறான்." ஊரே அப்படித்தான் முடிவு கட்டியிருந்தது. கொழுந்தனாரின் பங்கை நிறுத்தினார்கள். நானும் போனில் உச்சுக் கொட்டினேன். அந்தச் சனியன் பிடித்த மீன் எப்படி இருக்கும் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

கோடையில் தண்ணீர் இறங்கியதும் எல்லோரும் சேர்ந்து பெரிய வலை இழுக்கும் நாளுக்கு என்னை வரச்சொன்னார். முதலில் சொன்னேனே, அந்த நாள்தான் அது. வலை கொட்டிய இடத்தில் குனிந்து பார்த்தேன். தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தபோது மீன் வயிற்றில் பார்த்த அதே புள்ளி, அதே வரி. ஒன்று என் செருப்பை நோக்கி ஊர்ந்து வந்தது, அலறிப் பின்வாங்கினேன். கரையின் மறு முனையில் கொழுந்தனார் தனியாக நின்றிருந்தார். அண்ணியின் கையில் ரத்தத்தைப் பார்த்து ஓடி வந்தார். "தொடாத!" என்று நாத்தனார் கத்தினார். "உங்க அண்ணன் இருந்த ஏரிடா இது. இன்னாத்த கொண்டாந்து கொட்டிக்கீற பாரு."

"சத்தியமா கெண்டக் குஞ்சுதான் அண்ணி. பண்ணைக்கு வேணா நீங்களே வந்து கேளுங்க."

யாரோ அவரைத் தோளில் கைவைத்துத் தள்ளினார்கள். அவர் திருப்பித் தள்ளவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று எழுதினால் பொய். நாக்கு நன்றாகத்தான் இருந்தது. நாத்தனாரின் காயத்துக்கு மஞ்சள் வை, துணி கட்டு என்று அது பேசிக்கொண்டேதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். பிறகு, "ரெண்டுலேர்ந்து இம்மாம் ஆவுமா? வேற எவனாவது வுட்டிருப்பான். வாய மூடிகினு இரு" என்றார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வேறு யாராவது விட்டிருக்கலாம். மழையில் வேறு ஏரியிலிருந்து வந்திருக்கலாம். இன்றைக்கும் நிச்சயமாக எனக்குத் தெரியாது. ஆனால் கொழுந்தனார் விடவில்லை என்பதை ஏரியில் இறங்கியவர்கள் யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். ஏழு மாதம் அந்தத் தெரிதலோடு சோறு ஆக்கினேன், வேலைக்குப் போனேன், தூங்கினேன்.

ஒரு சாயங்காலம் டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது யாரோ "யக்கா" என்றார்கள். நீலச் சட்டை, தொப்பி, கையில் டிபன் பை. கண்டெய்னர் யார்டு ஒன்றில் வாட்ச்மேனாக இருக்கிறாராம் கொழுந்தனார். இளைத்துப் போயிருந்தார். தன் கஷ்டம் எதையும் சொல்லவில்லை. "அண்ணிக்கு அந்தக் கை ஆறிடுச்சா? மழக்காலத்துல வீங்குதுன்னு கேள்விப்பட்டேன். நான் கேட்டேன்னு சொல்லாதீங்க, கோச்சுக்கும்" என்றார். என் பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மீஞ்சூருக்குப் போனேன். நாத்தனார் கிழிந்த வலையைப் பரப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொன்னேன். தொட்டி, கொளத்தூர், வயிற்றுப் புள்ளி, எல்லாம். அவர் கையிலிருந்த ஊசி அப்படியே நின்றது.

"பக்கெட்டுல இருந்தது அதா?"

"ஆமா."

"வலைல பாத்த அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து போய் முகம் கழுவி, கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு வந்தார். சாயங்காலம் அரசமரத்தடியில் பங்குக்காரர்கள் கூடுவார்கள். அதுவரை கிழிந்த வலையையே தைத்துக்கொண்டிருந்தார். கொழுந்தனாருக்கு மட்டும் ஆள்விட்டு, வேலையைப் போட்டது போட்டபடி உடனே வரச் சொன்னார்.

அவர் வந்து சேர்ந்ததும் நாத்தனார் நடுவில் போய் நின்றார். "அந்த மீன ஏரில வுட்டது நானு. என் கையால கவுத்தேன், கற்பூரம் ஏத்தி. இவன் வுடல. இவனப் பேசுன வாய் என் வாய்தான்" என்றார். ஒரே கூச்சல். எங்கிருந்து கொண்டுவந்தாய், யார் கொடுத்தது என்று கேட்டார்கள். "அது எதுக்கு? எறக்குன கை இதான்" என்று வடு விழுந்த உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் பத்தடி தள்ளி, பெண்களோடு பெண்ணாக நின்றிருந்தேன். இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே ஏதோ அடித்துக்கொண்டது. இதைச் சொல்லத்தானே லீவு போட்டு வந்தேன்? அங்கேயே நாத்தனாருடைய பங்கை நிறுத்தி, கொழுந்தனாருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். நாத்தனார் சரி என்று தலையை ஆட்டினார்.

நாத்தனார் இப்போது எங்களோடு கல்மண்டபத்தில்தான் இருக்கிறார். காலையில் காசிமேட்டுக்குப் போய், வாங்க வருகிறவர்களுக்கு மீன் வெட்டிக் கொடுக்கிறார். மழைக்காலத்தில் கை வீங்கினால் நான் வெந்நீர் வைத்துக் கொடுக்கிறேன், வாங்கிக்கொள்கிறார். ஏரியில் கொழுந்தனார் தனியாக வலை இழுக்கிறார். விரால் இன்னும் திரும்பவில்லை. பிடித்த கறுப்பு மீனையெல்லாம் குழிவெட்டிப் புதைக்கிறார்களாம். என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று நாத்தனாரை ஒருமுறை கேட்டேன். "அது ஒன் வாய்ல வரணும்" என்றார், அவ்வளவுதான்.

அந்தச் சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் கொழுந்தனார் நேராக என்னிடம் வந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க வந்து பேசுனதாலதான் யக்கா அண்ணி வாய தொறந்துச்சு. எனக்குப் பேர திருப்பிக் குடுத்தது நீங்கதான். சாவுற வரைக்கும் மறக்கமாட்டேன்" என்றார். அவர் தோளுக்குப் பின்னால் நாத்தனார் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான், "பரவால்லப்பா" என்றேன்.