ராகவேந்திரனின் ஒற்றைப் பாய்லர்

மயிலாப்பூர் சமையல் கான்டிராக்டர் ராகவேந்திரனைப் போல ஒரு சாமர்த்தியசாலி இல்லை. இதை அவரே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

சும்மா நிற்கும் எதுவும் அவருக்குப் பிடிக்காது. மண்டபத்துக்கு மண்டபம் அடுப்பு மூட்டிச் சமைக்கும் வழக்கத்தை ஒழித்தார். அடுப்புகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. மந்தைவெளியில் ஒரே சமையற்கூடம், ஒரே பாய்லர். அதன் நீராவியில்தான் சாதமும் சாம்பாரும் பாயசமும் வேகும். வேன்கள் தி.நகருக்கும் அடையாற்றுக்கும் பறக்கும். கூடுதலாக இருந்த சமையல்காரர்களைத் தண்டச்சோறு என்று விரட்டினார். அவர்கள் கண்ணீரோடு நின்றபோது இந்த மகானுபாவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

போர்வெல் தண்ணீரின் உப்பு உள்ளே படிகிறது, ஒருநாள் நிறுத்திக் கழுவ வேண்டும் என்று பாய்லர் தனபாலன் கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்தான். முகூர்த்த மாதத்தில் பாய்லரை நிறுத்துவதா என்று சிரித்தார். வண்டி நன்றாக ஓடுகிறதே என்று ஸ்டெப்னியை விற்றுவிடுகிற புத்தி.

அவருடைய மகள் ஷ்ரேயாவுக்கு அடையாறு மண்டபத்தில் தாலி ஏறியது. சம்பந்தி வீட்டார் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். இலையில் தண்ணீர் தெளித்தாயிற்று, சாப்பாட்டு வேன் வரவில்லை. கன்னிகாதானத்துக்காக அணைத்து வைத்திருந்த போனை அப்போதுதான் திறந்தார். உடனே தனபாலனின் அழைப்பு வந்தது.

"குழாய் அடைச்சிகினு வெடிச்சிடுச்சி சார். அரிசி பாதி வெந்து கீது."

"வேற அடுப்புல ஏத்துடா."

"எந்த அடுப்பு சார்?"

மண்டபத்துச் சமையலறைக்கு ஓடினார். அங்கே ஒரு தீப்பெட்டிகூட இல்லை.

இலையில் உப்பும் ஊறுகாயும் காய்ந்தன. ஊருக்கெல்லாம் விருந்து போடுகிறவர் சொந்தப் பெண்ணைப் பட்டினி போடுகிறார் என்று யாரோ சொல்ல, பந்தி சிரித்தது. சம்பந்தி சுப்பராமன் இலையை மடிக்காமலே எழுந்தார்.

"வாங்கோ, ஏதாவது ஹோட்டலுக்குப் போலாம்."

விடிந்ததிலிருந்து விரதமிருந்த ஷ்ரேயாவும் மடிசாரோடு அவர்கள் பின்னால் நடந்தாள். ராகவேந்திரன் கூடவே ஓடினார். அவள் திரும்பினாள். கண்ணில் நீர் முட்டியிருந்தது.

"நீங்க வர வேண்டாம்ப்பா."

பெற்ற மகள் படியிறங்கிக்கொண்டிருந்தாள். வேறொருவராக இருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும். இவர் போனை எடுத்து தனபாலனிடம் கேட்டார்.

"சாயங்காலம் ரிசப்ஷனுக்குள்ள பாய்லர் ரெடியாயிடுமா?"