இசக்கியின் பன்னிரண்டு பெயிண்ட் டப்பாக்கள்

சும்மா கொடுக்கிறவர்களை நான் நம்புவதில்லை. மும்பை மாட்டுங்காவில் ஒரு தோட்டக் கழகம், மாதத்தின் முதல் ஞாயிறு செடி கொடி பற்றி, குப்பை பற்றி, மழைநீர் பற்றி இலவசமாகப் பேச்சு வைக்கிறது, யார் வேண்டுமானாலும் போகலாம் என்று இசக்கி சொன்னபோது, “பேசி முடிச்சதும் எதையாவது தலையில கட்டிருவானுக, பாத்துக்கோ” என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

தாராவியில் எனக்குத் தோல் பை தைக்கிற பட்டறை. இசக்கிக்கு அடுத்த கட்டடத்தின் மாடியில் ஓர் அறை. விடியுமுன் இட்லி அவித்து, தலையில் சுமந்துபோய் சயான் பக்கம் விற்றுவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிடுவாள். புருஷன் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகள் கல்யாணமாகி அம்பர்நாத்தில் இருக்கிறாள். மத்தியானத்தில் பேச ஆள் கிடையாது. அவள் கதவைத் திறந்தால் என் பட்டறையின் தகரக் கூரை. அந்தப் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டு, மூன்று வருஷத்தில் அங்கே பன்னிரண்டு பெயிண்ட் டப்பாக்களில் பாகல், மிளகாய், கத்திரி, கீரை என்று வளர்த்துவிட்டாள். செடிகளோடு பேசவும் செய்வாள், எனக்குக் கீழே கேட்கும். பாகற்கொடிக்கு அவள் கொடுத்த மரியாதையை எனக்கு என் வீட்டில்கூடக் கொடுத்ததில்லை.

மார்ச் மாதம், மழையே இல்லாத ஒரு காலையில், கூரையின் ஆணி ஓட்டை வழியே தண்ணீர் சொட்டி இரண்டு கட்டுத் தோல் பாழாகிவிட்டது. கோபம் வந்தால் எனக்குக் கண்ணுமண்ணு தெரியாது. “சாயங்காலத்துக்குள்ள ஒரு டப்பா மேல இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்” என்று சந்தே கேட்கக் கத்தினேன். இசக்கி ஒவ்வொன்றாக இறக்கி, வெயில் எட்டிப் பார்க்காத மாடிப்படி அடியில் வைத்தாள்.

ஏப்ரல் பிறந்ததும் பட்டறையில் உட்கார முடியவில்லை. “போன வருஷம் இப்படிக் கொதிக்கலையே சேட்” என்று சொல்லிவிட்டு, என்னிடம் தைக்கிற ரஹ்மத்துல்லா கூரையை நிமிர்ந்து பார்த்தான். மேலே செடி நிழல் போனதுதான் காரணம் என்று எனக்கும் தெரியும். ஆனால் வாயைத் திறந்து ஒத்துக்கொள்ள வேண்டுமே. பேசாமல் இன்னொரு ஃபேன் வாங்கி மாட்டினேன். அது சூட்டுக் காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடித்தது.

மே மாதம் முதல் ஞாயிறு, செத்துப்போன கத்திரியின் காலி டப்பாவோடு இசக்கி பஸ்ஸுக்கு நின்றாள்.

“அங்க கொண்டுபோய்க் காட்டணும் அண்ணாச்சி.”

என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். உதவி செய்ய வேண்டும் என்றெல்லாம் இல்லை. இவளுக்கு இந்தக் கிறுக்கைப் பிடிக்க வைத்தவர்களை நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும்.

ஹாலில் அறுபது பேர் இருந்தார்கள். டீயும் இலவசம். பேங்கில் வேலை பார்க்கும் ஷ்யாமளா என்ற அம்மாள், காய்கறித் தோலில் உரம் செய்வது பற்றித் தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசினார். கேள்வி நேரம் வந்தது. நான் எழுவதற்குள் இசக்கி எழுந்துவிட்டாள். டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள்.

“அரிசி கழுவுன தண்ணி செடிக்கு நல்லதுன்னு இங்க சொன்னீங்க. நான் இட்லிக்காரி. மாவுச் சட்டி கழுவுன தண்ணியையும் சேத்து ஊத்திட்டேன். தெனமும் நாலு சட்டி. மாவு அடியில எறங்கி, காஞ்சு, ஓட்டையெல்லாம் அடச்சுப்போச்சு. தண்ணி மேல வழிஞ்சு கூரையில தேங்கியிருக்கு. காஞ்ச மாவு எப்படி ஒட்டும்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சே ஊத்தியிருக்கேன் பாருங்க. இங்க வேற இட்லிக்காரவுக இருந்தா அதை மட்டும் ஊத்தாதீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். ஷ்யாமளா டப்பாவை வாங்கி அடியைத் தடவிப் பார்த்தார்.

“இது எங்க யாருக்குமே தோணலையே. அடுத்த மாசம் நீங்கதான் பேசறேள். தகரக் கூரையில செடி வளர்க்கறதைப் பத்தி. அன்னிக்குக் காலைல நாங்க எல்லாரும் உங்க தோட்டத்தை வந்து பாக்கறோம்.”

இசக்கியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை அது.

“இப்ப தோட்டம் இல்லம்மா. எறக்கியாச்சு.”

“ஏன், என்னாச்சு?”

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. “கூரை பழசு, பாரம் தாங்காது” என்றாள்.

அது பொய். இரும்புச் சட்டம் கொடுத்துப் போட்ட கூரை, நாலு ஆள் ஏறிக் குதிக்கலாம், அவளுக்கே தெரியும். சந்து நடுவில் நான் அவளைத் திட்டியதை இத்தனை பேர் நடுவில் அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. கேட்க வந்த நாலு கேள்வியும் மறந்துபோக, எழுந்து நின்றேன்.

“கூரை நல்லாத் தாங்கும். அது என் கூரை. எறக்கச் சொன்னது நான்தான். நாளைக்கே எல்லாத்தையும் ஏத்திருதோம், நீங்க வாங்க.”

ஹாலே என்னைத் திரும்பிப் பார்த்தது. இசக்கி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு எதுக்கு அண்ணாச்சி? இன்னைக்கே ஏத்துவோம். பாகலுக்கு இன்னும் உசிரு இருக்கு.”