கயிற்றை விடாத கைகள்

தொண்ணூறுகளின் தொடக்கம். நானும் கணவரும் ராமநாதபுரம் பக்கமிருந்து பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து, வீரபாண்டியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அவருக்குச் சாயப்பட்டறையில் வேலை, எனக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங். வந்து ஒரு வருடமாகியும் அக்கம்பக்கத்தில் பெரிதாகப் பழக்கமில்லை. வீட்டுக்கார அம்மாவோடு தண்ணீர் பிடிப்பதில் அடிக்கடி மனத்தாங்கல் வேறு.

தெருமுனையில் ஒரு பழைய அம்மன் கோவில். அதன் முன்னால் மூன்று ஆள் உயர விளக்குத்தூண், முழுக்க ஒரே கல். மழையில் அடிமண் இளகி அது சாய்ந்து விழுந்துவிட்டது. நடக்கவிருந்த கும்பாபிஷேகத்துக்குள் அதை நிறுத்தியாக வேண்டும். வரவழைத்த கிரேனோ சந்துக்குள் நுழைய முடியாமல் திரும்பிப் போனது.

"இதை நட்டவங்க காலத்துல கிரேனா இருந்துச்சு? ஆள் சேர்ந்தாப் போதுமுங்க" என்றார் கோவில் வேலைக்கு வந்திருந்த ஸ்தபதி.

ஞாயிற்றுக்கிழமை தெருவே திரண்டது. எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெரிய கோவிலைப் பூதங்கள் ஒரே ராத்திரியில் கட்டியதாகக் கேட்டு வளர்ந்தவள் நான். பூதமில்லாமல் எப்படி என்பதை அன்றுதான் பார்த்தேன். தூணின் அடிப்பாகம் அதை நடத் தோண்டிய குழியின் விளிம்பில் இருந்தது. தலைப்பக்கத்தைக் கடப்பாரைகளால் நெம்பி ஒரு சாண் தூக்குவார்கள். உடனே அடியில் கல்லும் மணல்மூட்டையும் திணிப்பார்கள். மறுபடி நெம்புவார்கள், மறுபடி திணிப்பார்கள். மதியத்துக்குள் அவ்வளவு பெரிய கல் பாதி எழுந்துவிட்டது! எனக்குப் புல்லரித்துப்போயிற்று.

அதற்கு மேல் நெம்ப எட்டவில்லை. தூணின் தலையில் இரண்டு வடக்கயிறுகள் கட்டினார்கள். பெண்களும் வந்து பிடித்தோம். நாங்கள் இழுக்க இழுக்க, என் கணவரும் இன்னொருவரும் தூணுக்கடியில் புகுந்து முட்டுக் கொடுத்தார்கள்.

படீரென்று ஒரு சத்தம். ஒரு கயிறு அறுந்து, பிடித்திருந்தவர்கள் மல்லாந்து விழுந்தார்கள். மொத்தப் பாரமும் எங்கள் கயிற்றுக்கு வந்தது. தூண் மெல்லப் பின்னால் இறங்கியது. அதனடியில் என் கணவரின் சட்டை மட்டும் தெரிந்தது.

என் கால் மண்ணில் வழுக்கியது. உள்ளங்கைத் தோல் உரிந்தது.

"உட்றாதீங்க! உள்ள ஆளிருக்குது, உட்றாதீங்க!"

எனக்குப் பின்னால் வீட்டுக்கார அம்மா. என் கைமேல் தன் கையை வைத்துக் கயிற்றை இறுக்கி, குதிகாலை ஊன்றிச் சாய்ந்து நின்றார். விழுந்தவர்கள் எழுந்து ஓடிவந்து எங்கள் கயிற்றைப் பற்றினார்கள். என் கணவர் பெயர்கூட அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனாலும் ஒருவரும் கையை விடவில்லை. தூண் அப்படியே நின்றது.

இருவரும் தவழ்ந்து வெளியே வந்தார்கள். உடம்பெல்லாம் மண். என் கணவர் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"உங்க ஊட்டுக்காரருக்கு ஒண்ணுமில்லீங்க கண்ணு" என்று சொன்ன வீட்டுக்கார அம்மா அதற்கப்புறம்தான் அழுதார்.

ஸ்தபதி புதுக்கயிறு கட்டவைத்தார். இந்த முறை யாரையும் அடியில் விடவில்லை. பக்கவாட்டிலிருந்தே முட்டுக் கொடுத்தார்கள். வெயில் தாழும் நேரம் தூண் குழிக்குள் இறங்கி நிமிர்ந்தது. அந்த அதிர்வு எங்கள் பாதம்வரை வந்தது. என்னை அறியாமல் எங்கள் ஊர் வழக்கப்படி குலவை போட்டுவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பொழுது சாய்ந்ததும் தூணின் உச்சியில் விளக்கேற்றினார்கள். என் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாவிடம், "எதுக்கும்மா இவ்வளவு ஒசரத்துல விளக்கு?" என்று கேட்டேன்.

"தூரத்துல இருந்து வர்றவங்களுக்கு இங்க ஒரு ஊரு இருக்குதுன்னு தெரியோணுமில்லீங்களா?" என்றார்.

அந்தத் தூணை முதன்முதலில் நட்டவர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. இன்றைக்கும் எந்தப் பெரிய கோவிலுக்குப் போனாலும், அதைக் கட்டிய நாளில் முன்பின் தெரியாத ஒருவன் கல்லுக்கடியில் இருக்கிறான் என்பதற்காகக் கை உரிய உரியக் கயிற்றைப் பிடித்து நின்றவர்களை நினைத்து, சாமிக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு கும்பிடு போடுகிறேன்.