ஒரு முழம்

ஊரில் யுத்த காலத்தில் ஆமி பிடித்து வைத்திருந்த எங்கள் காணியை விட்டுவிட்டார்களாம். காணி உறுதிப் பத்திரத்தைத் தேடி, செத்துப்போன அப்பாவின் தகரப்பெட்டியைத் திறந்தேன். பூச்சியுருண்டை மணத்தோடு, தொண்ணூறுகளில் புலம்பெயர்ந்து வந்து நாங்கள் இருந்த சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக்கட்டடம் எழுந்து வந்தது: மீன்குழம்பு மணக்கும் லிப்ட், உள்ளே பெரியப்பா நின்றால் அதில் ஏறாமல், என்னையும் இழுத்துக்கொண்டு பதினாலு மாடியும் படியேறும் அப்பா. ஊரில் பெரியப்பா வேலியை எங்கட பக்கம் ஒரு முழம் தள்ளிப் போட்டவராம்.

“காணியை ஆமியெல்லோ வைச்சிருக்கு?” என்பேன், மூச்சு வாங்க.

“ஆர் வைச்சிருந்தாலும் எல்லை எல்லைதான்.”

இன்று ஊரிலிருந்து வந்த படத்தில் வீடுமில்லை, கிணறுமில்லை, வேலியுமில்லை. புல்டோசர் மட்டமாக்கிய வெறுந்தரை. பெரியப்பாவின் மகள் போன் எடுத்துக் கேட்டாள்.

“அளக்க ஆள் பிடிப்பமா?”

“ஓம். உங்கட அப்பா தள்ளின ஒரு முழத்தை முதல்ல அளக்கச் சொல்லு” என்றேன்.